பச்சை நோட்டில் எழுதாதது

ஜூலை 10, வியாழன்

மிருதுளா எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போன தாளை இன்று நாலு முறை படித்துவிட்டேன். பதினாறு வயதுப் பெண் அம்மாவுக்கு எழுதியது மாதிரியா இருக்கிறது? மேனேஜர் புது ஆளுக்குக் கொடுத்த உத்தரவு மாதிரி இருக்கிறது.

தினமும் குறைந்தது நாலு வகை இலை வேண்டுமாம். நேற்று வைத்த அதே கூட்டு இன்று கூடாதாம். இலை மேல் ஒரு சிட்டிகை கால்சியம் பொடி. பழம் கூடாது, தக்காளி, வெள்ளரி கூடாது, பாலக்கீரை கூடவே கூடாது. நம் சமையலறையிலிருந்து எதுவுமே கூடாது. இதற்கு அடியில் இரண்டு கோடு. காலையில் பத்து நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைக்க வேண்டும். இலையைக் கல் பலகையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும், கையில் பிடித்து ஊட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை எடை. பச்சை நோட்டில் தினமும் எழுதி, போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்ப வேண்டும். கடைசி வரி: "கொடுத்ததை எழுதாதே. தின்றதை எழுது."

இத்தனையும் ஓர் ஆமைக்கு. என் உள்ளங்கையில் அடங்குகிற ஆமை, இரண்டு வயசு. மூளை பட்டாணி அளவுதான் இருக்கும் என்று இவள் அப்பா சொன்னதில் பட்டாணி என்றே பெயர் நின்றுவிட்டது.

பச்சை நோட்டு அவளுக்கு. இந்த டைரி மாமாவுக்கு, என் வீட்டுக்காரருக்கு, கம்பெனியில் கொடுத்தது, ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. இது எனக்கு. உட்கார்ந்தால் கை பரபரக்கிறது. எழுதினால் கொஞ்ச நேரமாவது ஓர் இடத்தில் இருப்பேன்.

ஜூலை 11, வெள்ளி

நாலு வகை வைத்தேன். ஒன்றையும் தொடவில்லை. பச்சை நோட்டில் எழுதியது: "டேன்டிலையன், கொஞ்சம்."

ஜூலை 12, சனி

இந்த வெள்ளைக்கார ஊர் ஸ்விண்டனில் பதினொரு வருஷமாக இருக்கிறேன். பக்கத்து வீட்டு பிரெண்டாவிடம் வானிலை தவிர வேறு பேசியதில்லை. இன்று கூடையோடு போய் நின்று, "உங்கள் புல்வெளியில் களை பறித்துக் கொள்ளலாமா?" என்று கேட்டேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆமைக்கு என்று சொன்னதும் சிரித்துவிட்டு, "மொத்தத்தையும் பறித்துக்கொள், கத்தரிக்கோலும் தருகிறேன்" என்றார். மருந்து எதுவும் அடித்திருக்கிறீர்களா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அவருக்கு முகம் கொஞ்சம் மாறியது.

டேன்டிலையன் என்பது மஞ்சள் பூ பூத்து, காய்ந்தால் ஊதிப் பறக்க விடுகிற அந்தச் செடிதான். அதோடு மூன்று மூன்று இலையாக இருக்கிற க்ளோவர், இன்னும் பெயர் தெரியாத இரண்டு. மிருதுவின் புத்தகத்தில் உள்ள படத்தோடு ஒத்துப் பார்த்தேன். ஜன்னல் ஓரத் தொட்டியிலிருந்து செம்பருத்தி இலை இரண்டு.

சொந்த ஊர் கோபியில் எங்கள் வீட்டில் பட்டுப்பூச்சி வளர்த்தோம். புழுவுக்கு மல்பெரி இலை ஒன்று போதும். வெட்டி வந்து தட்டு நிறையக் கொட்டினால், மழை பெய்கிற மாதிரி சத்தத்தோடு தின்று தீர்க்கும். அதை வளர்த்துப் பழகின கைக்கு இந்த நாலு வகை, ஐந்து வகையெல்லாம் ஆகாத வேலை. கொட்டினேன். பார்த்தான். ஓட்டுக்குள் போய்விட்டான்.

மத்தியானம் ருக்குமணி அக்கா கோபியிலிருந்து பேசினாள்.

"ஏன் சாந்தா, அம்முணி எங்க? ஒரு வார்த்தை பேசச் சொல்லு."

"பள்ளிக்கூடத்துல கேம்ப்புக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்கக்கா. ஃபோனெல்லாம் வாங்கி வெச்சுக்குவாங்களாம்."

"அங்க சோறு கீறு ஒழுங்காப் போடுவாங்களா? புள்ள ஏற்கெனவே எலும்பும் தோலுமா இருந்துச்சு, போன தடவ வீடியோல பாத்தப்ப."

"போடுவாங்க" என்றேன். இதுவரை இது ஒன்றுதான் பொய் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். காரில் நாற்பது நிமிஷம். ஞாயிறும் புதனும் மூன்றிலிருந்து ஐந்து வரை பார்க்கலாம். வீட்டிலிருந்து தின்பதற்கு எதுவும் கொண்டு போகக் கூடாது. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக மகளைப் பார்க்க வெறும் கையோடு போனேன். காரில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சீட் பெல்ட்டையே இழுத்துக்கொண்டு வந்தேன்.

சாப்பிடாத பிள்ளைகளுக்கான வார்டு அது. எழுதிவிட்டேன். அங்கே ஆறு பெண்கள், ஒரு பையன். எல்லாரும் பெரிய பெரிய ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள், ஜூலை மாதத்தில்.

மிருது முதலில் கேட்டது பட்டாணியைத்தான்.

"நாலு வகை வெச்சியா?"

"அஞ்சு வெச்சேன் கண்ணு."

"தின்னானா?"

"தின்னான் தின்னான். நீ சாப்பிட்டியா?"

"எல்லாம் சாப்பிட்டேன்" என்றாள்.

போக மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தவள், போன திங்கட்கிழமை ஓர் ஒப்பந்தத்தின் மேல்தான் காரில் ஏறினாள். "பட்டாணிக்கு நான் எழுதி வெச்ச மாதிரி நீ குடு. அங்க அவங்க எழுதி வெச்ச மாதிரி நான் சாப்பிடறேன். நீ ஏமாத்தினா நானும் நிறுத்திருவேன்." டாக்டர் சொல்லி, அவள் அப்பா சொல்லி, நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சி நடக்காதது, அந்தப் பட்டாணியால் நடந்தது.

எடை: போன வாரத்தைவிட இரண்டு கிராம் குறைவு. பச்சை நோட்டில் போன வார எடையையே எழுதினேன்.

ஜூலை 16, புதன்

நான் என்ன செய்யட்டும்? வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டுமாம். நகர்ந்தால் தின்றானா இல்லையா என்று எப்படித் தெரியும்? பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தேன். இலையைக் கையில் எடுத்து மூக்கருகே ஆட்டினேன். தூக்கி வேறு பக்கம் வைத்தேன். வெயில் படுகிற இடத்துக்கு மாற்றினேன். நிழலுக்கு மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, புஸ் என்று ஒரு மூச்சு விடுகிறான். அந்த மூச்சு எனக்குத் தெரிந்த மூச்சுதான். டைனிங் டேபிளில் தினமும் கேட்டது.

மாமா வேலைக்குக் கிளம்புகிறவர் வாசலில் நின்று பார்த்தார்.

"ஏன் சாந்தா, இப்படித் தலை மேலயே நின்னுட்டிருந்தா அது எப்படித் திங்கும்?"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங் மாமா. நிக்காம விட்டுத்தான் வீடு இந்த நெலமைல கெடக்குது."

அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காரில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார். சண்டை போட்டிருந்தால் தேவலை.

ஜூலை 18, வெள்ளி

க்ளோவர் பூ ஒன்றைக் கடித்தான்! ஒரே கடி. பிரெண்டாவிடம் வேலி வழியாகக் கத்திச் சொன்னேன்.

ஜூலை 19, சனி

இன்று ஒன்றும் இல்லை. அடுப்பு மேடை, அலமாரி, பால் பாத்திரங்கள் எல்லாம் தேய்த்துக் கழுவினேன். கழுவினதையே மறுபடி கழுவினேன்.

ஜூலை 21, திங்கள்

டாக்டர் எங்கள் இருவரையும் தனியாக உட்கார வைத்துப் பேசினார். சின்ன வயசுதான், முப்பத்தைந்து இருக்கும். "வீட்டில் சாப்பாட்டு நேரம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். சாதாரணமாக இருக்கும் என்றேன். மாமா தரையைப் பார்த்தபடி, "அந்தக் கஞ்சி விஷயத்தைச் சொல்லு" என்றார்.

சொல்லவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்தான் சொன்னார்.

இங்கேயாவது எழுதுகிறேன். மார்ச் மாதம் அவள் சாப்பிட ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, ஓட்ஸ் கஞ்சி. தண்ணீரும் உப்பும் மட்டும் என்று கட்டளை. நான் அதில் முந்திரியை அரைத்துக் கலந்தேன். நெய் விட்டேன். "என்ன போட்டே?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பாள். "தண்ணியும் உப்பும்தான் சாமி" என்று அவள் கண்ணைப் பார்த்துச் சொல்வேன். மூன்று வாரம். ஒரு நாள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தவள், நெய் ஸ்பூனும் கையுமாக என்னைப் பார்த்தாள். கத்தவில்லை. அன்றிலிருந்து என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அந்தக் கஞ்சியும் நின்றது.

எந்த அம்மாதான் செய்ய மாட்டாள்? நான் விஷமா வைத்தேன்? நெய் வைத்தேன். அதைப் போய் டாக்டரிடம் சொல்கிறார், மாமா.

ஜூலை 23, புதன்

பட்டாணி இந்த வாரம் தின்றது: க்ளோவர் பூ ஒன்று (வெள்ளி), இலை நுனி ஒன்று (செவ்வாய்). பச்சை நோட்டில் ஒரு பக்கம் நிறைய இருக்கிறது.

மிருது இன்று, "எல்லாம் சாப்பிட்டேன்" என்றாள். நானும், "எல்லாம் தின்னான்" என்றேன். இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

விடிந்ததும் தலைக்குக் குளித்துவிட்டுச் சமைத்தேன். மாமனாருக்குப் படைக்க வேண்டும். மாமாவுக்குக் காலை ஷிஃப்ட், லீவு கிடைக்கவில்லை. அதனால் காக்காய்க்கு வைக்கிற வேலையும் எனக்கே வந்தது. சாதம், துவரம்பருப்பு, நெய், மஞ்சள் பூசணிப் பொரியல், வாழைக்காய், வடை, பாயசம். வாழை இலை கிடைக்கவில்லை, அலுமினியத் தாள்தான். மதில் மேல் வைத்தால் போன வருஷம் மாதிரி கடற்பறவை வந்து தாளோடு தூக்கிக்கொண்டு போகும். அதனால் புல்வெளியில் மதில் ஓரமாகத் தரையிலேயே வைத்தேன்.

பட்டாணியையும் வெயிலுக்காகப் புல்லில் விட்டிருந்தேன்.

"கா, கா" என்று கூப்பிட்டேன். பிரெண்டா வீட்டு மரத்தில் இரண்டு காக்காய் இருந்தன, என்னையே பார்த்தன, இறங்கவில்லை. காக்காய் எடுக்காமல் நான் வாயில் பச்சைத் தண்ணீர்கூட ஊற்ற முடியாது. அரை மணி நேரம் தலையை அண்ணாந்துகொண்டு கத்தினேன். கழுத்து வலித்தது. இந்த வருஷம் மாமனாருக்கும் நம் மேல் கோபம், பேத்தியை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு இங்கே வடை சுடுகிறாள் என்று, அப்படியெல்லாம் மனசு ஓடியது.

குனிந்தேன். பட்டாணி பூசணிக்காயில் மூஞ்சியைப் புதைத்திருந்தான்.

இரண்டு வாரமாக ஒரு பூவையும் ஓர் இலை நுனியையும் தவிர எதையும் தொடாத பிராணி, வாயெல்லாம் மஞ்சளாக, பருப்புச் சோற்றைக் கவ்விக் கவ்வித் தின்கிறான். நாக்கு தெரிகிறது, ரோஜா நிறத்தில். நான் இதுவரை அதன் நாக்கைப் பார்த்ததில்லை.

இரண்டு கோடு போட்ட வரி எனக்கு ஞாபகம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாக ஞாபகம் வந்தது. அப்படியே தூக்கி அந்தப் பக்கம் வைத்திருக்கலாம். தூக்கவில்லை. புல்லில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் பாயசத்தையும் அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

மாமனாரும் இருந்தவரை நிதானமாக நடந்தவர்தான். காக்காய் வழியாக வராவிட்டால் என்ன, வந்தவர் யாரோ வந்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய் நானும் சாப்பிட்டேன். இரண்டு வாரத்தில் முதல் தடவையாக எனக்குச் சோறு ருசித்தது.

பச்சை நோட்டில்: "டேன்டிலையன், க்ளோவர், செம்பருத்தி இலை, இன்னொரு இலை. நன்றாகத் தின்றான்."

ஜூலை 25, வெள்ளி

மிச்சம் இருந்த பூசணிப் பொரியலைக் கழுவிவிட்டுக் கொஞ்சம் வைத்தேன். தின்றான்.

ஜூலை 26, சனி

பட்டாணிக்கு வயிறு போகிறது. பச்சைத் தண்ணீராக. அவனுக்குச் சூடு தர மாட்டியிருக்கிற விளக்குக்கு அடியில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறான். காலைத் தொட்டால்கூட இழுக்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

தலைவலி என்று சொல்லி மாமாவை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பட்டாணி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கற்பூரம் ஏற்றி வேண்டிக்கொண்டேன், சென்னிமலை முருகனுக்கு. ஓர் ஆமைக்காக வேண்டிக்கொண்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஜூலை 28, திங்கள்

கால்நடை டாக்டரிடம் கொண்டு போனேன். செருப்பு டப்பாவில் துண்டு விரித்து, மடியில் வைத்துப் பஸ்ஸில்.

"என்ன சாப்பிட்டது?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"இலை மட்டும்தான்" என்றேன். அனிச்சையாக வந்துவிட்டது.

அவர் பட்டாணியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் மேஜை மேலேயே வெளிக்குப் போனான். அதில் முழுசு முழுசாக மூன்று சோற்றுப் பருக்கை. டாக்டர் பருக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் இறங்கியிருப்பேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அமாவாசை, காக்காய், மாமனார், எல்லாம். சிரிக்கவில்லை அவர், பொறுமையாகக் கேட்டார். சோறும் பருப்பும் இனிப்பும் இதன் குடலுக்கு என்ன செய்வதென்றே தெரியாத பொருள்கள் என்றார். தினமும் இரண்டு வேளை வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைக்க வேண்டும், சூடு குறையக் கூடாது, நார் உள்ள களை இலை மட்டும் வைக்க வேண்டும், வேறெதுவும் செய்யக் கூடாது. ஒரு வாரத்தில் தானாகத் தின்னாவிட்டால் குழாய் வழியாக உணவு செலுத்த வேண்டி வரும். பிழைக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றார்.

குழாய். அந்த வார்த்தையை ஜூன் மாதம் வேறொரு டாக்டர் வாயிலும் கேட்டேன்.

"இலை வைத்தபோது முதலிலிருந்தே ஏன் தின்னவில்லை?" என்று கேட்டேன். நான் எப்படி வைப்பேன் என்று கேட்டார். செய்து காட்டினேன். "மேலேயிருந்து இறங்குகிற கை, இதற்குக் கை இல்லை, பருந்து. நீங்கள் போகிற வரைக்கும் அது சாப்பாட்டைப் பற்றி யோசிக்காது" என்றார்.

ஜூலை 29, செவ்வாய்

"நாளைக்குப் புள்ளகிட்ட ஒண்ணும் சொல்லாத" என்றார் மாமா. "இப்பத்தான் அவ நல்லா இருக்கான்னு நர்ஸம்மா சொல்றாங்க. இதைச் சொன்னா எல்லாத்தையும் நிறுத்திப்போடுவா. நீதானே சொன்னே, ஒப்பந்தம்னு. ஆமை தேறட்டும், பொறவு பாத்துக்கலாம்."

"தேறலைன்னா?"

"வேற ஒண்ணு வாங்கி வெச்சரலாம். அதே சைஸுல."

அவரைச் சொல்லிக் குற்றம் இல்லை. இதே யோசனை எனக்கு நேற்றே பஸ்ஸில் வந்துவிட்டது.

மாடிக்கும் கீழேயும் எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று தெரியவில்லை. சொன்னால் அவள் தட்டைத் தள்ளிவிடுவாள். சொல்லாவிட்டால் நான் மறுபடியும் அந்த நெய் ஸ்பூனோடு நிற்கிறேன்.

ஜூலை 30, புதன்

சொல்லிவிட்டேன்.

மாமா கார் நிறுத்தப் போனார். அதற்குள் சொன்னேன், அவர் வந்தால் தைரியம் போய்விடும்.

"அம்முணி, பட்டாணிக்கு உடம்பு சரியில்ல. சோறு தின்னுட்டான்."

"என்ன சோறு?"

"அமாவாசைச் சோறு. பருப்பு, பூசணிக்காய், பாயசம்."

"நீ பாக்காதப்பவா?"

"மொதல்ல பாக்கல. அப்புறம் பாத்தேன். பாத்துட்டு, பாயசத்தப் பக்கத்துல நகத்தி வெச்சேன். அடுத்த நாளும் பொரியல் வெச்சேன்."

அவள் ஸ்வெட்டர் கையை விரலுக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டாள். "நெய்?" என்றாள்.

"நெய்யும் இருந்துச்சு."

"நோட்டுல?"

"நோட்டுல எழுதினது பொய். பதினொண்ணாந் தேதியிலிருந்தே பொய். அவன் ஒண்ணுமே திங்கல சாமி. எனக்குத் தாங்க முடியல."

அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். எழுந்து, "போம்மா" என்றாள். அவ்வளவுதான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா ஸ்வெட்டர் எதுவும் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார், காலி நாற்காலியைப் பார்த்தார்.

ஜூலை 31, வியாழன்

நேற்று ராத்திரிச் சாப்பாட்டையும் இன்று காலை உணவையும் அவள் தொடவில்லை என்று வார்டிலிருந்து ஃபோன். பட்டாணியும் தொடவில்லை. நான்தான் இரண்டு பேரையும் கெடுத்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மத்தியானம் மிருதுவிடமிருந்து மெசேஜ். நீளமாக, தமிழில். அப்படியே பார்த்து எழுதுகிறேன்.

"தண்ணில வெக்கறப்ப கழுத்து வரைக்கும் ஊத்தாத, தாடைக்குக் கீழ நிக்கணும். விளக்குக்குக் கீழ தெர்மாமீட்டர் வெச்சுப் பாரு, கையால தொட்டுப் பாக்காத. டேன்டிலையன் இலைய முழுசா வை, நறுக்காத, அவனுக்குக் கிழிச்சுத் திங்கத்தான் புடிக்கும். வெச்சுட்டு அவனுக்கு முதுகு காட்டி உக்காரு. திரும்பாத. நோட்டு போட்டோ இனிமே வேண்டாம், வீடியோ அனுப்பு.

நானும் எல்லாம் சாப்பிட்டேன்னு உன்கிட்ட சொன்னது பொய். பாதி நாள் பொய். நேத்து நர்ஸ்கிட்ட சொல்லிட்டேன். ஒனக்கும் சொல்லிட்டேன். அவன் செத்துட்டா மட்டும் என்கிட்ட மறைக்காத."

பத்துத் தடவை படித்தேன். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, சூட்டை எழுதி அனுப்பினேன். பார்த்தால் சூடு நாலு டிகிரி குறைவு. இத்தனை நாள் கையால் தொட்டுப் பார்த்துச் சரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விளக்கை இறக்கிக் கட்டினேன்.

ஆகஸ்ட் 2, சனி

முதுகு காட்டி உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். திரும்பவில்லை. கொசுவத்தைப் பிடித்துக் கசக்கிக்கொண்டே இருந்ததில் சேலை முன்பக்கம் சுருங்கிப் போய்விட்டது. இலை வைத்தது வைத்தபடி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மிருது வரச் சொன்னாள். போனோம். என்னோடு பேசினாள், வீடியோவைப் பற்றி மட்டும். அது போதும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை வெயில் நன்றாக இருந்தது. டேன்டிலையன், க்ளோவர், செம்பருத்தி இலை, பிரெண்டா கொடுத்த மல்பெரி இலை. அந்த அம்மாள் தங்கை வீட்டில் ஒரு மரம் இருக்கிறதாம், பை நிறையக் கொண்டு வந்து கொடுத்தார். எல்லாவற்றையும் முழுசாகக் கல் மேல் வைத்துவிட்டுக் கொடியில் துணி போட்டேன். வேண்டுமென்றே மெதுவாகப் போட்டேன். ஒவ்வொரு சட்டையையும் உதறி, நீவி, கிளிப் போட்டு.

மாமாவின் மூன்றாவது சட்டை போடும்போது கேட்டது. சரக் என்று ஒரு சத்தம். இலை கிழிகிற சத்தம். கொஞ்சம் நின்று, மறுபடியும் சரக்.

திரும்பவில்லை. சத்தியமாகத் திரும்பவில்லை. அந்த ஈரச் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எத்தனை சரக் என்று எண்ணினேன். பதினாலு.

வீடியோ எடுக்க முடியவில்லை. அதனால் உண்மையை எழுதி அனுப்பினேன்: "தின்றான். நான் பார்க்கவில்லை. கேட்டேன்." ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது, பச்சைப் பட்டாணி எமோஜி ஒன்று மட்டும்.

ஆகஸ்ட் 9, சனி

அக்காவுக்கு ஃபோன் செய்து கேம்ப் எல்லாம் பொய் என்று சொன்னேன். அக்கா எழுந்து போய் டிவியை அணைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "தனியா எத்தன நாளா வெசனப்பட்டுட்டு இருந்தே?" என்றாள். ஒரு மணி நேரம் பேசினோம். கடைசியில் ஆமைக்கு முருங்கைக்கீரை நல்லதா என்று கேட்டுச் சொல்லச் சொன்னாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பட்டாணியின் எடை மூன்று கிராம் ஏறியிருக்கிறது. இதைப் பச்சை நோட்டில் எழுதினேன், உண்மையான எடை. மேலே இருக்கிற பொய்யான எடையைவிட இது குறைவாக இருக்கிறது. அடித்துத் திருத்தவில்லை, அப்படியே விட்டேன்.

மிருதுவுக்கு அடுத்த ஞாயிறு நாலு மணி நேரம் வீட்டுக்கு வர அனுமதி. மத்தியானச் சாப்பாடு வீட்டில். அவளுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். அதை ஃப்ரிட்ஜில் பட்டாணி தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். இரண்டிலும் முக்கால்வாசி ஒன்றேதான். வகை மாறி மாறி இருக்க வேண்டும், வற்புறுத்தக் கூடாது, மறைத்து வைக்கக் கூடாது.

ஆகஸ்ட் 16, சனி

மாவு அரைத்தேன். தேங்காய் வாங்கினேன். தட்டை மாற்றினேன், பழைய தட்டே இருக்கட்டும் என்று மறுபடியும் எடுத்து வைத்தேன். தோசையா, இட்லியா, சாதமா? மாமாவை மூன்று தடவை கேட்டேன். "அவளையே கேளேன்" என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. மெசேஜ் போட்டேன். "தோசை. நீ சுடறப்ப நான் சமையல்கட்டுல நிக்கணும்" என்று பதில் வந்தது.

நிற்கட்டும். நின்று பார்க்கட்டும்.

பிரெண்டா வீட்டுப் புல்வெளியில் இனி பறிக்க ஒன்றும் இல்லை. அவரே கவலைப்படுகிறார், விதை வாங்கிப் போடட்டுமா என்று கேட்டார். களைக்கு விதை!

ஆகஸ்ட் 17, ஞாயிறு, காலை

இன்னும் ஒரு மணி நேரத்தில் மாமா கூட்டி வந்துவிடுவார். இந்த டைரியை அவளிடம் கொடுத்துவிடப் போகிறேன். கஞ்சி எழுதிய பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று காலையிலிருந்து நாலு தடவை எடுத்துப் பார்த்தேன். எந்த அம்மாதான் செய்ய மாட்டாள் என்று எழுதியிருக்கிறேனே, அந்த வரியையாவது அடித்துவிடலாம். அடிக்கவில்லை. படிக்கட்டும். படித்துவிட்டுத் திட்டட்டும்.

எழுந்து போய்த் தேங்காய் துருவிவிட்டு வந்தேன். கார் சத்தம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு, மத்தியானம்

இது மிருதுளா. அம்மா இதை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தோட்டத்தில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள். அரை மணி நேரமாகத் திரும்பவில்லை. சேலையைக் கசக்குகிறாள், இங்கிருந்தே தெரிகிறது. திரும்பலாம் என்று யாராவது அவளிடம் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துச் சொல்கிறேன்.

முழுதும் படித்தேன். அந்த வரியையும்.

பட்டாணி: டேன்டிலையன் இலை மூன்று, க்ளோவர் பூ இரண்டு, மல்பெரி இலை பாதி. செம்பருத்தியைத் தொடவில்லை. நான் பார்த்தேன்.

நான்: தோசை, தேங்காய்ச் சட்னி. நெய் ஒரு ஸ்பூன். ஊற்றட்டுமா என்று அம்மா கேட்டாள். ஸ்பூனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் பதில் சொல்லும் வரை நின்றாள். ரொம்ப நேரம் ஆயிற்று. சரி என்றேன்.

கொடுத்தது இரண்டு தோசை. தின்றது ஒன்றரை.